சாதம் தொடாத நாளின் கணக்கு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. ஃபேன் காற்று இந்தப் பக்கம்தான் வருகிறது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு மணியின் கதை சொல்லப் போகிறேன். கோயில் மணி இல்லை, காகிதத்தில் பென்சிலால் வரைகிற மணி. அந்த மணி பொய் சொல்லவே இல்லை. அதைக் கேட்கப் போனவள்தான் தப்பான கேள்வியோடு போய் நின்றாள். அவள் வெட்கப்பட்ட கதை இது. நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அவளைப் பார்த்து மட்டும் சிரிக்க வேண்டாம்.

அவள் பெயர் பிரேமலதா. ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதியில் மாமியார் ஆனந்தவள்ளியோடு குடியிருந்தாள். கணவருக்கு ஒடிசாவில் சுரங்கத்தில் வேலை, தீபாவளிக்கும் ஆடிக்கும் வருவார். பிரேமலதா திருச்சியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தாள். கெட்டிக்காரி. கெட்டிக்காரி என்று தனக்கே தெரிந்தவள்.

ஒரு நாள் மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். அவர் செல்லக்கண்ணு, அரிசி மில் வைத்திருப்பவர். அந்த அம்மாள் ராக்கம்மாள், உடம்பு முழுக்க வாய். கையில் ஒரு சின்ன மூட்டை. தவிடு போகாத சிவப்பரிசி, அவர்கள் மில்லில் புதிதாக அரைக்கத் தொடங்கியிருந்தது.

"மேடம், என் தங்கச்சி மக உங்ககிட்டதான் படிச்சா," என்றார் செல்லக்கண்ணு. "இந்த அரிசி சுகருக்கு நல்லதுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. வாயால சொன்னா யாருங்க நம்புவா? நீங்க நாலு பேருக்குக் கொடுத்து, ரத்தம் எடுத்து, கணக்குப் போட்டுச் சொல்லணும். ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி."

"இவரு நாலு பேரைச் சொல்றாரு. நான் என்னைச் சொல்றேன்," என்றாள் ராக்கம்மாள். "தினம் ரெண்டு வேளை வயித்துல ஊசி, டீச்சரம்மா. வயிறு சல்லடையா போச்சு. தண்ணி குடிச்சா ஒழுகிடுமோன்னு பயமா இருக்கு."

"ஏய், சும்மா இரு."

"நீங்க ஒரு நாளைக்குப் போட்டுப் பாருங்க, அப்புறம் சும்மா இருக்கேன். டீச்சரம்மா, உங்க கணக்குல இந்த அரிசி நல்லதுன்னு வந்துச்சுன்னா, அன்னிக்கே ஊசிக்கு ஒரு கும்பிடு. உங்க வாயால ஒரு வார்த்தை வந்தா எனக்குப் போதும்."

"ஊசி விஷயமெல்லாம் டாக்டர்தாங்க சொல்லணும். நான் வெறும் கணக்கு."

"டாக்டரு என் முகத்தையே நிமிந்து பாக்கறது இல்ல. நீங்க வாரக்கணக்குல பாப்பீங்கல்ல?"

பிரேமலதா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மறுப்பும் இருந்தது, கொஞ்சம் பூரிப்பும் இருந்தது. ராக்கம்மாள் பூரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

இந்த இடத்தில் அந்த மணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், எனக்குப் புரிந்தது உங்களுக்கும் புரியும். ஒரே வயதுப் பிள்ளைகளை ஒரு மைதானத்தில் நிறுத்தி, ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரு வரிசை வைத்தால், நடுத்தர உயரத்தில்தான் கூட்டம் நிறைய இருக்கும். ரொம்பக் குட்டை, ரொம்ப நெட்டை எல்லாம் இரண்டு ஓரத்திலும் ஒன்றிரண்டு. ஒவ்வொரு வரிசையும் முடிகிற இடத்தைச் சேர்த்து ஒரு கோடு இழுத்தால் தொங்கவிட்ட மணி மாதிரி வரும். நடுவில் எழும்பி, இரண்டு பக்கமும் சரிந்து, ஓரத்தில் தரையோடு படிந்துவிடும். புத்தகத்தில் இதற்கு இயல்நிலைப் பரவல் என்று பெயர்.

சோதனை போடுகிறவர்கள் இந்த மணியை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். முதலில், அரிசி ஒன்றுமே செய்யாது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியே இருந்தாலும் சர்க்கரை ஒரே இடத்தில் நிற்காது. தூக்கம் கெட்டால் ஏறும், கோயிலை ஒரு சுற்று சுற்றினால் இறங்கும். நிறையப் பேருக்குச் சராசரி எடுத்தால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிச்சம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் லேசாக ஆடிக்கொண்டிருக்கும், காற்றில் தராசு முள் ஆடுகிற மாதிரி. சும்மாவே எவ்வளவு தூரம் ஆடும் என்பதை மணி சொல்லிவிடும். அந்த ஆட்டத்துக்கு ஓர் அளவு உண்டு. அதைப்போல இரண்டு மடங்குக்குள் இருந்தால் தற்செயல் என்று விட்டுவிடுவார்கள். அதற்கு மேலே போனால், தற்செயல் இல்லை, என்னவோ நடந்திருக்கிறது என்பார்கள். என்ன நடந்தது என்று மட்டும் மணிக்குச் சொல்லத் தெரியாது. அதை மனுஷர்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

பிரேமலதா சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலுமாக ஐம்பது வயசு தாண்டிய சர்க்கரைக்காரர்கள் அறுபத்து நாலு பேரைச் சேர்த்தாள். மாமியார் ஆனந்தவள்ளியும் அதில் ஒருத்தி. தொடக்கத்தில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பது, பிறகு ஆறு வாரம் இந்த அரிசிச் சாதம், முடிவில் மறுபடியும் வெறும் வயிற்றில் ரத்தம். ரத்தம் எடுக்க மஹ்ஜபீன் வந்தாள். பாலக்கரையில் சின்னதாக லேப் நடத்துகிறவள், பிரேமலதாவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம்.

முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரேமலதா வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

"மாமா, காபி குடிச்சிட்டீங்களா?" என்றாள் மஹ்ஜபீன்.

"சே சே. காபியெல்லாம் இல்லம்மா. அரை டம்ளர்தான்."

"அரை டம்ளர் என்ன?"

"காபி."

"சக்கரை போட்டா?"

"சக்கரை போடாம காபியை எப்படிம்மா குடிக்கிறது? எனக்கு சுகர் இருக்கேன்னு அரை ஸ்பூன்தான் போட்டாங்க."

இப்படியே ஆளுக்கொரு அரை டம்ளர். ஒரு அம்மாள் பிஸ்கட்டைச் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பாதிப் பேரைத் திருப்பி அனுப்பி, அடுத்தடுத்த நாள்களில் வரவழைத்து, ஒரு வழியாக முடிப்பதற்குள் மஹ்ஜபீனுக்குத் தொண்டை கட்டிப்போனது. "அக்கா, அடுத்த தடவை இவங்களை ராத்திரியே ரூம்ல போட்டுப் பூட்டி வெச்சிடுங்க," என்றாள்.

பூட்டி வைக்காமலே பூட்டி வைக்க பிரேமலதா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆறு வாரம் முடிகிற சமயத்தில் காலண்டரைப் பார்த்தால் ஏகாதசி வந்தது. ஸ்ரீரங்கத்து மனுஷி, அவளுக்குத் தெரியாதா? வயசானவர்களில் பாதிக்கு மேல் மாசத்து இரண்டு ஏகாதசியும் விரதம். மறுநாள் துவாதசி, விடிந்து பாரணை பண்ணி விரதத்தை முடிக்கிற வரைக்கும் வாயில் ஒன்றும் படாது. அந்த விடியற்காலையிலேயே ரத்தம் எடுத்துவிட்டால் காபித் தொல்லையே இல்லை. விரதம் இல்லாதவர்களும் தெருவே வெறும் வயிறாக நிற்பதைப் பார்த்துக் கூச்சப்பட்டு வந்துவிடுவார்கள்.

"எப்படி என் மூளை?" என்று மஹ்ஜபீனிடம் கேட்டாள்.

"டாக்டர் பட்டமே கொடுக்கலாம்கா."

நினைத்தபடியே நடந்தது. ஒருத்தர் வாயிலும் காபி வாசனை இல்லை. ஒன்றே ஒன்றுதான் சிரமம். "என்னக்கா, பாதிப் பேருக்கு நரம்பே ஆப்பட மாட்டேங்குது," என்று மஹ்ஜபீன் கைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "தண்ணிகூட குடிக்கலையா?" பிரேமலதா அடுத்தவரைக் கூப்பிடுகிற மும்முரத்தில் இருந்தாள்.

கணக்கு வந்தது. சர்க்கரை சராசரியாகப் பத்தொன்பது இறங்கியிருந்தது. சும்மா ஆடுகிற அளவு மூன்றுதான். பத்தொன்பதை மூன்றால் வகுத்துப் பாருங்கள். இரண்டைத் தாண்டினாலே பெரிசு, இது ஆறையும் தாண்டிவிட்டது. மணியின் ஓரம் தரையோடு படிந்து, அதற்கும் அப்பால் ஆள் இல்லாத பொட்டலில் போய் நிற்கிற எண். பிரேமலதா நாற்காலியிலிருந்து எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அப்புறம், பழக்கத்தில், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு இறங்கியது என்பதைப் படமாகப் போட்டுப் பார்த்தாள். ஒரு மணி வர வேண்டிய இடத்தில் இரண்டு மேடு வந்தது. ஒரு மேடு பூஜ்யத்தை ஒட்டியே உட்கார்ந்திருந்தது. இன்னொன்று தள்ளிப் போய் முப்பதைத் தாண்டி நின்றது. நடுவில் பள்ளம். சராசரியான பத்தொன்பது அந்தப் பள்ளத்துக்குள் கிடந்தது. அந்தப் பத்தொன்பதுக்குச் சொந்தக்காரர்கள் அங்கே அநேகமாக யாருமே இல்லை.

பார்த்தாள். ஒரு நிமிஷம் நிஜமாகவே பார்த்தாள். பிறகு தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டாள்: ஆள்கள் முப்பதுக்கு மேல் இருந்தால் தனித்தனி எண்கள் எந்த வடிவத்தில் இருந்தாலும் சராசரி மணிக்குள்தான் வரும், சோதனை செல்லும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, தப்பே இல்லை. சோதனை செல்லத்தான் செய்தது. இந்த இரண்டாவது மேட்டில் இருக்கிறவர்கள் யார் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. கேட்டால் அந்த ஆறு மடங்கு கலைந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கே தெரியாமல் எங்கேயோ இருந்திருக்கும். படத்தை மூடிவிட்டாள்.

மில் களத்தில், நெல் காயப்போடுகிற சிமெண்டுத் தரையில், பந்தல் போட்டுக் கூட்டம் வைத்தார் செல்லக்கண்ணு. ஊரே வந்திருந்தது. சாக்குகளில் 'சோதனையில் நிரூபிக்கப்பட்டது' என்று பச்சை மையில் அச்சடித்து அடுக்கியிருந்தார்கள். பிரேமலதா மைக்கைப் பிடித்து மணியைப் பற்றி விளக்கினாள். "இது தற்செயலா நடந்திருக்க வாய்ப்பே இல்லைன்னு சொல்லலாம்," என்றாள். அந்த வார்த்தைக்குக் கைதட்டல் விழுந்தது. இந்த அரிசி மருந்துக்கு மாற்று அல்ல என்பது அவளுடைய அறிக்கையில் கடைசி வரியாக இருந்தது. மைக்கில் அந்த வரி வரவில்லை. மறந்துபோனாளா, கைதட்டல் அடங்கட்டும் என்று விட்டாளா, அது அவளுக்கும் பெருமாளுக்கும் தெரிந்தது.

கூட்டம் கலையும்போது ராக்கம்மாள் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "விட்டுட்டேன் டீச்சரம்மா. நீங்க இவருக்கு ஃபோன்ல சொன்னீங்கல்ல, அன்னிக்கு ராத்திரியே ஊசியை விட்டுட்டேன்."

"டாக்டரைக் கேட்டீங்களா?"

"அதான் உங்களைக் கேட்டாச்சே."

பிரேமலதாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் யாரோ மாலையோடு வந்தார்கள், யாரோ ஃபோட்டோவுக்குக் கூப்பிட்டார்கள்.

அதற்கப்புறம் சில வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் கல்லூரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் பிரேமலதா அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். ஆனந்தவள்ளி கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"பிரேமா, எனக்கும் சேத்து உலை வெச்சுடாதே. இன்னைக்கு ஏகாதசி. கொஞ்சம் ரவை கிளறி வெச்சா போதும், அதுவும் மத்தியானத்துக்கு."

"சரி அத்தை," என்று சொல்லிவிட்டாள். மாசம் இரண்டு தடவை சொல்கிற 'சரி அத்தை'தான். சொல்லிவிட்டுக் கையில் இருந்த அரிசியைப் பார்த்தாள். களைந்த தண்ணீர் சிவப்பாக விரல் இடுக்கில் வழிந்தது.

இரண்டாவது தடவை ரத்தம் எடுத்ததற்கு முந்தின நாளும் ஏகாதசிதான். அன்றைக்கும் அவள்தான் ரவை கிளறி வைத்தாள். அரிசியின் குணத்தைச் சோதிக்கப் போனவள், அந்த அரிசியைத் தெருவே தொடாமல் கிடந்த நாளாகப் பார்த்துச் சோதித்திருக்கிறாள். பட்டினி கிடந்தவர்களுக்குச் சர்க்கரை இறங்கியது. அதைத்தான் மணி 'என்னவோ நடந்திருக்கிறது' என்று சொன்னது.

கல்லூரிக்குப் போகவில்லை. அறுபத்து நாலு பேரில் யார் யார் ஏகாதசி இருப்பவர்கள் என்பது அவளுக்கு யாரையும் கேட்காமலே தெரியும், எல்லாம் அக்கம்பக்கம்தானே. இரண்டாகப் பிரித்தாள். விரதக்காரர்கள் எல்லோரும் இரண்டாவது மேட்டில் போய் உட்கார்ந்தார்கள். விரதம் இல்லாதவர்களுக்கு ஒன்று இறங்கியிருந்தது. வெறும் ஒன்று. காற்றுக்கு ஆடின முள்.

"உடம்பு சரியில்லையா?" என்று ஆனந்தவள்ளி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல அத்தை."

"எனக்கு அன்னைக்கு நாப்பது இறங்குச்சுன்னு கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். என் மருமக கணக்குன்னு."

பிரேமலதா பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். அழுகைகூட வரவில்லை. அழுகை வந்திருந்தால் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். வெளியூர்க்காரி செய்திருந்தால் தெரியாமல் செய்தாள் என்று போகும். இந்த ஊரிலேயே பிறந்து, இந்த வீட்டிலேயே ரவை கிளறினவள் செய்தாள். அதிலும், தெரியாமல் செய்யவில்லை, ஏகாதசியைத் தேடிப் பிடித்துச் செய்தாள். மூளை எப்படி என்று வேறு கேட்டாள்.

அடுத்த நாளே டோல்கேட் போய் பஸ் பிடித்து மண்ணச்சநல்லூரில் இறங்கினாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு, நீங்க இன்னைக்கே ஊசியை ஆரம்பிக்கணும். இவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

போய்ச் சேர்ந்தால் மில் வாசலிலேயே செல்லக்கண்ணு எழுந்து நின்றார். "மேடம், நல்ல நேரத்துல வந்தீங்க. ஏ ராக்கு, யாரு வந்திருக்காங்க பாரு."

ராக்கம்மாள் ஒரு காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி வந்தாள். சுண்டுவிரலில் துணி சுற்றியிருந்தது.

"என்னக்கா கால்ல?"

"செருப்புக் கடி. புதுச் செருப்பு. ஊசி இல்லாத பொம்பளைக்கு ஒரு புதுச் செருப்பு வாங்கித் தாங்கன்னு இவர்கிட்ட சண்டை போட்டு வாங்குனேன், அது என் காலைக் கடிச்சிடுச்சு. விடுங்க. சாப்பிடாம போகக் கூடாது."

இலை போட்டார்கள். சிவப்பரிசிச் சாதம், கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து கதவோரம் நின்று பார்த்தார்கள். "இவங்கதான்," என்று ராக்கம்மாள் அவர்களிடம் காட்டினாள், உற்சவ மூர்த்தியைக் காட்டுகிற மாதிரி. பிரேமலதா சோற்றைப் பிசைந்தாள். இப்போது சொல்லலாம் என்று நினைத்தாள். ரசம் வந்தது. மோர் வந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபிறகு, "அக்கா, எதுக்கும் ஊசியைப் போட்டுக்கோங்களேன்," என்றாள்.

ராக்கம்மாள் சிரித்தாள். "பாருங்கடி, பரீச்சை வெச்சவங்களே பயப்படறாங்க."

கதவோரம் நின்றவர்களும் சிரித்தார்கள். பிரேமலதாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் பின்னால் அவளால் மறக்கவே முடியவில்லை. ஒரு பை அரிசியையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

கண்ணுகளா, அவளைத் திட்டாதீர்கள். வெட்கம் என்பது வாயைத் திறக்கவைக்கும் என்று நாம் நினைக்கிறோம். பல சமயம் அதுதான் வாயில் துணி அடைக்கிறது. வீட்டுக்கு வந்து செல்லக்கண்ணுவுக்கு ஒரு மெயில் எழுதினாள். நீளமாக இருந்தது, குறைத்தாள். குறைத்தால் வெடுக்கென்று இருந்தது, நீட்டினாள். நாளைக்கு அனுப்பலாம் என்று வைத்தாள். நாளைகள் போய்க்கொண்டே இருந்தன.

மெயில் போகவில்லை, ஃபோன்தான் வந்தது. "மேடம், தென்னூர்ல ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். விரலு கறுத்துப்போச்சு. சுகர் நானூத்துக்கு மேல இருக்காம். டாக்டரு கத்துறாரு. நீங்க கொஞ்சம் வந்து இந்த அரிசியைப் பத்தி அவருக்கு எடுத்துச் சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்லக்கண்ணு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிரேமலதா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். ஏகாதசி, ரவை, இரண்டு மேடு, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. எதிரே சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும் மேடம்?"

"அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்தேனே, அதுக்கு முந்தின நாள்."

"இதைச் சொல்லத்தான் வந்தீங்களா?"

"ஆமாங்க."

அவர் சுவரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். அப்புறம், "சாப்பிட்டுட்டுப் போனீங்க," என்றார்.

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்கு மேல் அவர் என்ன திட்டியிருந்தாலும் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பித்தது, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் அதுவும் இல்லை என்றார் டாக்டர். மூன்றாம் நாள் பிரேமலதாவை உள்ளே விட்டார்கள். ராக்கம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வற்றியிருந்தது.

"அவரு எல்லாம் சொன்னாரு," என்றாள்.

"அக்கா, என்னை..."

"இருங்க. நான் பேசறேன். விரலு போனது போனதுதான். ஊசியைத் தூக்கிப் போட்டது என் கை, உங்க கை இல்ல. ஆனா டீச்சரம்மா, எங்க வீட்ல எலை போட்டு உக்காந்தப்ப என் கால்ல துணி சுத்தியிருந்ததைப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"பாத்தீங்க." ராக்கம்மாள் கொஞ்ச நேரம் போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "சரி, எனக்குச் சொல்லிட்டீங்க. மத்தவங்களுக்கு யாரு சொல்றது? அன்னிக்குக் களத்துல எத்தனை பேரு கைதட்டுனாங்க. அதுல எத்தனை பேரு சுகர்காரங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். எல்லாம் என்கூட டாக்டர் வீட்டு பெஞ்சுல ஒக்காந்ததுங்கதான். இப்ப பெஞ்சே காலி."

"எல்லாருக்கும் ஒரு நோட்டீஸ் அடிச்சு..."

"மைக்ல சொன்னதுக்கு நோட்டீஸா? மைக்ல சொன்னதை மைக்லதான் எடுக்கணும். நான் நடக்க ஆரம்பிச்சதும்னு பாக்காதீங்க. நாளைக்கே சொல்லுங்க. இன்னொரு விரலு எங்கயோ கறுத்துக்கிட்டு இருக்கும்."

நாளைக்கே என்றாள், அதற்கு மறுநாள் நடந்தது. பந்தல் இல்லை, வெயில்தான். செல்லக்கண்ணு கோயில் ஒலிபெருக்கிக்காரரிடம் மைக் வாங்கி வைத்திருந்தார். சாக்குகளை எல்லாம் உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருந்தார். பச்சை எழுத்து சணல் வழியாக இடவலம் மாறி மங்கித் தெரிந்தது. ராக்கம்மாள் அடம்பிடித்து ஆஸ்பத்திரியிலிருந்து காரில் வந்து, கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு மில் நிழலில் உட்கார்ந்திருந்தாள். மஹ்ஜபீன் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற மெஷினோடு தயாராக இருந்தாள். அவளைக் கூப்பிட்டது பிரேமலதாதான்.

பிரேமலதா மைக்கைப் பிடித்தாள்.

"அன்னிக்கு இங்க நின்னு ஒண்ணு சொன்னேன். அது தப்பு. இந்த அரிசி சக்கரையைக் குறைக்கும்னு நான் காட்டவே இல்லை. ரத்தம் எடுத்ததுக்கு முந்தின நாள் பாதிப் பேரு ஏகாதசிப் பட்டினி. பட்டினியில இறங்குனதை அரிசியில இறங்குனதா சொல்லிட்டேன். அந்த நாளைத் தேடிப் புடிச்சதும் நான்தான். தெரிஞ்ச பிறகு ஒரு தடவை சொல்ல வந்து, சொல்லாம திரும்பிப் போனதும் நான்தான். அதுக்குள்ள இந்த அக்காவுக்கு ஒரு விரல் போயிடுச்சு."

நெல் புழுக்குகிற தங்கையன் முன்வரிசையில் நின்றிருந்தான். துண்டை உதறித் தோளில் போட்டான்.

"அப்ப அன்னிக்குச் சொன்னது பொய்யா?"

"பொய் இல்லைங்க. தப்பு."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

"ஆமாங்க," என்றாள் பிரேமலதா. "உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள், "ஏகாதசியாம், பட்டினியாம். படிச்சவங்க கணக்கு இப்படியா இருக்கும்." யாரோ சிரித்தார்கள். பிரேமலதா அந்தச் சிரிப்பு முடிகிற வரைக்கும் நின்றாள். பிறகு கேட்டாள்.

"என் பேச்சைக் கேட்டு மாத்திரையை, ஊசியை விட்டவங்க யாரு யாரு? கையைத் தூக்குங்க. தயவுசெஞ்சு."

ஒருவரும் தூக்கவில்லை. அவர்களுக்கும் வெட்கம் உண்டல்லவா. ஏமாந்தவர்களுடைய வெட்கம், ஏமாற்றியவர்களுடையதைவிட சில சமயம் பெரிசு. பிரேமலதாவுக்கு மறுபடி வாய் அடைத்துப்போனது.

நிழலிலிருந்து ராக்கம்மாளின் குரல் வந்தது, மைக் இல்லாமலே.

"யோவ் தங்கையா, கையைத் தூக்கு. நீ மாத்திரையைச் சாக்கடையில கொட்டுனதை நான் என் கண்ணால பாத்தேன். நீ மானஸ்தன்னா நான் மானங்கெட்டவளா? நொண்டிக் காலைக் காட்டிக்கிட்டு நடுக்களத்துல ஒக்காந்திருக்கேன்."

தங்கையன் கையைத் தூக்கினான், பாதியளவுக்கு. அவன் பக்கத்தில் ஒரு கை. பின்னால் முணுமுணுத்தவளுடைய கை. பிறகு களத்தின் ஓரத்தில், வேலிப் பக்கம், கூட்டத்துக்கே வராதவர்போல நின்றிருந்த ஒரு பெரியவர் கை. எழுந்துகொண்டே இருந்தன. பிரேமலதா ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொள்ளலாம்போல இருந்தது, குனியவில்லை. எல்லாக் கையையும் பார்த்து முடித்தாள்.

வரிசை நின்றது. மஹ்ஜபீன் குத்தினாள், எண்ணைச் சொன்னாள். பிரேமலதா ஒவ்வொருவரிடமும் அந்த எண்ணைச் சொல்லி, இன்றைக்கே டாக்டரிடம் போகணும் என்று சொல்லி, யாரோடு போவீர்கள் என்றும் கேட்டாள். யாரும் இல்லை என்றவர்களை செல்லக்கண்ணு தன் வண்டியில் ஏற்றினார். அவர் பிரேமலதாவிடம் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கையனுக்கு முந்நூற்று எழுபது. "செத்துட மாட்டேன்ல?" என்று கேட்டான், கிண்டலாகக் கேட்க நினைத்து, முடியாமல். "இப்ப போனீங்கன்னா ஒண்ணும் ஆகாது," என்றாள் பிரேமலதா. அவன் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெயில் இறங்கிய பிறகு கடைசி ஆளும் போனார். அன்றைக்கு அவள் சராசரி எடுக்கவில்லை. ராக்கம்மாளைக் காரில் ஏற்றும்போது கை கொடுக்கப் போனாள். ராக்கம்மாள் அந்தக் கையை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிடிப்பாளோ மாட்டாளோ என்று இருந்தது. பிடித்தாள். கனத்த உடம்பு, முழுப் பாரத்தையும் அவள்மேல் போட்டு ஏறினாள்.

"விட்டுடாதீங்க," என்றாள். "அப்புறம் இந்தக் காலும் போயிடும்."

கதை இதுதான், கண்ணுகளா. எழுந்து போகுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் எல்லோரும் கால் நோகாமல் நடக்கட்டும். உலையில் வேகிற அரிசி எந்த நிறமானாலும் உடம்பில் ஒட்டட்டும். உங்கள் வாசலுக்குத் தன் தப்பைச் சொல்ல ஒருத்தி வந்து நின்றால், அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கிற பொறுமையும், முடித்தபிறகு கொடுக்க ஒரு செம்பு தண்ணீரும் உங்கள் வீட்டில் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.